வந்து சேராத உத்தரவு

ஆன்டிபாடி தயாரிக்க வேண்டிய உடலில் ஆன்டிபாடி இல்லை. செல்களுக்கிடையே போகும் சமிக்ஞை எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தைப் பொறுத்தே சிகிச்சை. ஆனால் இந்தியாவில் பல குடும்பங்களுக்கு அந்தத் தேடலே இன்னும் தொடங்கவில்லை.

பிறந்து ஐந்தாறு மாதம் வரை குழந்தைக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. அதன் பிறகு ஆரம்பிக்கிறது. காதில் சீழ், நெஞ்சில் சளி, காய்ச்சல், நிமோனியா. ஒன்று தீர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. தெருமுனை கிளினிக், பிறகு ஊரிலேயே கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர், பிறகு மாவட்டத் தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேக்களும் மருந்துச் சீட்டுகளும் ஒரு மஞ்சள் பையை நிறைத்துவிடுகின்றன. தமிழ்ப் பெற்றோருக்கு நன்கு பரிச்சயமான 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்ற பெயர் எப்படியும் ஒருமுறை சொல்லப்படும். காசநோய் மாத்திரைகள் மாதக்கணக்கில் தரப்படும். குழந்தை தேறாது.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அடிப்படைக் கோளாறு எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் வருவது, வளர வளரக் குறைவது. ஆனால் மிகச் சிறிய ஒரு பிரிவினரின் விஷயம் வேறு. அவர்களுடைய ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற தற்காப்புப் புரதம் அறவே இல்லை, அல்லது பெயரளவுக்கே இருக்கிறது. முதல் ஆறு மாதம் காப்பாற்றியது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஆன்டிபாடி. அந்த இருப்பு தீர்ந்ததும் சொந்த உற்பத்தி தொடங்க வேண்டும். தொடங்குவதில்லை.

ஏன் தொடங்குவதில்லை? எழுபதாண்டுகளுக்கு மேலாக மருத்துவ விஞ்ஞானம் துரத்தி வரும் கேள்வி இது. கிடைத்திருக்கும் விடை விசித்திரமானது. ஆன்டிபாடி என்பது ஒரு செல் தானாகவே தயாரித்து வெளியிடும் சரக்கல்ல. வரிசையாகப் பல உத்தரவுகள் வந்து சேர்ந்தால்தான் உற்பத்தி நடக்கும். அந்த வரிசையில் எந்த உத்தரவு தவறினாலும் விளைவு வெளியே ஒன்றுபோலவே தெரியும்: ரத்தத்தில் ஆன்டிபாடி குறைவு. உள்ளே நடந்திருப்பது என்னவோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று.

காணாமல் போன பட்டை

கதை தொடங்கியது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில். அங்குள்ள வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் சிகிச்சை பெற்ற 8 வயதுச் சிறுவனுக்கு 4 ஆண்டுகளில் 19 முறை ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கு ஆபத்து வந்திருந்தது. நியூமோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தும் அவன் உடல் ஆன்டிபாடி தயாரிக்கவில்லை.

எலெக்ட்ரோபோரசிஸ் என்ற பரிசோதனை அப்போது ஆஸ்பத்திரிகளுக்குப் புதிது. ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்து வரிசையாகக் காட்டும் முறை அது. எல்லாருக்கும் ஆல்புமின், ஆல்பா, பீட்டா, காமா என்று வரிசை வரும். இந்தச் சிறுவனுக்கு காமா இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆன்டிபாடிகள் இருப்பது அந்த காமா பகுதியில்தான். பிறரின் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டார் புரூட்டன். தொற்றுகள் நின்றன. 1952-ல் அவர் எழுதிய சிறிய கட்டுரை, பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் என்ற துறைக்கே அஸ்திவாரமானது.

ஆன்டிபாடி இல்லை என்பது தெரிந்தது. அதைத் தயாரிக்கும் செல் எது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

கோழி கொடுத்த துப்பு

அந்த விடை வந்த இடம் கோழிப் பண்ணை. 1950களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழியின் ஆசனவாய்க்கு அருகில் இருக்கும் 'பர்சா' என்ற சிறு பையின் வேலை என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதை வெட்டி நீக்கிய கோழிகளுக்கு வேறொரு வகுப்புச் சோதனைக்காகக் கிருமி ஊசி போடப்பட்டபோது அவற்றின் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகவில்லை. பெரிய விஞ்ஞான இதழ் ஏற்க மறுத்த இந்தக் கண்டுபிடிப்பு, 1956-ல் கோழி வளர்ப்பு ஆராய்ச்சிக்கான ஓர் இதழில் வெளியாயிற்று.

கிட்டத்தட்ட பத்தாண்டு கழித்து, மினசோட்டாவில் மாக்ஸ் கூப்பர் அதன் முழு அர்த்தத்தையும் வெளியே கொண்டுவந்தார். எதிர்ப்புப் படையில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுபவை டி செல்கள். பர்சாவில் பக்குவப்பட்டு ஆன்டிபாடி தயாரிப்பவை பி செல்கள். மனிதனுக்கு பர்சா கிடையாது. நம் பி செல்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். ஆனால் கோழியின் பர்சா கொடுத்த முதலெழுத்து நிலைத்துவிட்டது.

புரூட்டனின் நோய் உள்ள சிறுவர்களின் ரத்தத்தில் பி செல்கள் ஏறக்குறைய இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் ஆன்டிபாடி குறைந்த வேறு பலருக்கோ பி செல்கள் தாராளமாக இருந்தன. ஆள் இருந்தும் ஏன் வேலை நடக்கவில்லை?

இரண்டு கையெழுத்து

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர வேண்டுமானால் ஒரு கையெழுத்து போதாது. பி செல்லும் அப்படித்தான். அதன் மேற்பரப்பில் கிருமியைப் பற்றிக்கொள்ளும் கொக்கி ஒன்று உண்டு. குறிப்பிட்ட கிருமி வந்து மாட்டியதும் அந்தச் செய்தி செல்லுக்குள் ஒரு புரதத்திடமிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறி மையக்கரு வரை போகிறது. இது முதல் கையெழுத்து.

அது மட்டும் வந்தால் பி செல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பிடித்த கிருமியைத் துண்டாக்கி, அந்தத் துண்டை மேற்பரப்பில் வைத்து உதவி டி செல்லிடம் காட்டுகிறது. டி செல் அதை அந்நியப் பொருள் என்று உறுதி செய்தால் சி.டி.40 லிகண்ட் என்ற புரதத்தை நீட்டுகிறது. பி செல்லின் மேல் இருக்கும் சி.டி.40 அதைப் பற்றிக்கொள்கிறது. இதுவே இரண்டாவது கையெழுத்து. கூடவே இன்டர்லூகின் என்ற ரசாயனத் தூதுகளையும் டி செல் அனுப்புகிறது. அவற்றில் இங்கே முக்கியமானது இன்டர்லூகின்-21.

இவ்வளவும் கூடி வந்த பிறகுதான் பி செல் பெருகுகிறது. முதலில் தயாரிக்கும் ஐ.ஜி.எம். என்ற ஆரம்ப ரக ஆன்டிபாடியை விட்டு, நீண்ட நாள் நிலைக்கும் ஐ.ஜி.ஜி. ரகத்துக்கு மாறுகிறது. குறியைக் கூர்மைப்படுத்திக்கொள்கிறது. கடைசியில் பிளாஸ்மா செல்லாகி நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளைக் கொட்டுகிறது. இதில் பெரும்பகுதி நடப்பது நிணநீர் முடிச்சுகளில். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அது இந்த அலுவலகம் மும்முரமாக இயங்குவதன் வெளி அடையாளம். புரூட்டனின் நோய் உள்ள சிறுவனுக்கு எவ்வளவு தொற்று வந்தாலும் நெறி கட்டுவதில்லை. வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் கண்ணுக்கே படாது. செலவில்லாமல் டாக்டருக்குக் கிடைக்கும் துப்பு அது.

1993: ஒரே ஆண்டில் மூன்று

அறுந்த இடங்கள் எவை என்பது 1993-ல் மளமளவென்று வெளிப்பட்டது. மூன்று வெவ்வேறு நோய்களுக்குக் காரணமான மூன்று ஜீன்கள் அந்த ஒரே ஆண்டில் சிக்கின. மூன்றும் சமிக்ஞையோடு சம்பந்தப்பட்டவை. மூன்றும் எக்ஸ் குரோமசோமில் இருப்பவை. அதனால் தாய்க்கு நோய் இருக்காது. அவள் வயிற்றில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் சிலருக்கு வரும்.

முதலாவது புரூட்டனின் நோய். செல்லுக்குள் செய்தியைக் கைமாற்றும் வரிசையில் நிற்கும் ஒரு புரதம் இவர்களிடம் இல்லை அல்லது பழுது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் புரதத்துக்குப் புரூட்டனின் பெயரையே வைத்தார்கள். சுருக்கமாக பி.டி.கே. மஜ்ஜையில் இளம் பி செல் வளரும்போதே 'மேலே போகலாம்' என்ற செய்தி இதன் வழியாகத்தான் வர வேண்டும். வராததால் செல் பாதியிலேயே மடிகிறது.

இரண்டாவது, ஐ.ஜி.எம். மட்டும் சரியாகவோ கூடுதலாகவோ இருந்து ஐ.ஜி.ஜி. இல்லாமல் போகும் நோய். ஆன்டிபாடியில் குறை என்பதால் கோளாறு பி செல்லில் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. குற்றவாளியோ டி செல். சி.டி.40 லிகண்ட் அதனிடம் இல்லை. பி செல் கோப்போடு காத்திருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் வருவதில்லை. முதல் ரகத்திலிருந்து அடுத்த ரகத்துக்கு மாறும் உத்தரவு கிடைக்காததால் பி செல் ஐ.ஜி.எம்.மிலேயே நின்றுவிடுகிறது. இந்தச் சிறுவர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியாவும், குடிநீரில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் பெரிய ஆபத்து. ஒட்டுண்ணி பித்தக் குழாய்களையும் கல்லீரலையும் கெடுத்துவிடும். காய்ச்சாத தண்ணீர் இவர்களுக்கு விஷம்.

மூன்றாவது மிகக் கொடியது. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து 1984-ல் 12 வயதில் இறந்த அமெரிக்கச் சிறுவன் டேவிட் வெட்டரை உலகம் அறியும். அவனுக்கு இருந்த நோயின் காரணம், பல இன்டர்லூகின்களின் செய்தியை வாங்கிக்கொள்ளும் 'காமா சங்கிலி' என்ற பொது ஏற்பியில் ஏற்பட்ட பழுது. டி செல்களே உருவாவதில்லை. பி செல்கள் இருந்தும் பயனில்லை.

இயற்கை செய்த சோதனை

இந்த மூன்றாவது நோய்தான் எந்தத் தூது முக்கியம் என்ற கேள்விக்கு எதிர்பாராத விதத்தில் பதில் தந்தது. மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு டி செல்கள் மட்டும் தானம் தந்தவருடையவையாக இருக்கும். பி செல்கள் குழந்தையின் சொந்தச் செல்களாகவே தங்கிவிடும். டி செல்கள் நல்லவை என்பதால் இனி ஆன்டிபாடி வந்துவிட வேண்டும். காமா சங்கிலி பழுதான குழந்தைகளில் அப்படிப்பட்டவர்களுக்கு அது சரிவர வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் காமா குளோபுலின் ஏற்ற வேண்டியிருக்கிறது. டி செல் உத்தரவு அனுப்புகிறது. வாங்கிக்கொள்ள பி செல்லுக்குக் காது இல்லை.

எந்த உத்தரவு? இன்டர்லூகின்-7 ஏற்பியில் மட்டும் பழுதுள்ள வேறு சில குழந்தைகளுக்கும் இதே சிகிச்சை நடந்திருந்தது. அவர்களுடைய சொந்த பி செல்களோ புதிய டி செல்கள் வந்ததும் ஒழுங்காக ஆன்டிபாடி தயாரித்தன. இப்படி வெவ்வேறு பழுதுள்ளவர்களை ஒப்பிட்டு, மனித பி செல்லுக்கு இன்றியமையாத தூது இன்டர்லூகின்-21 என்ற முடிவுக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள். எந்தச் சோதனைச் சாலையிலும் மனிதர்களை வைத்துச் செய்ய முடியாத சோதனை இது. நோயாளிகளின் துயரத்திலிருந்து பிறந்த ஞானம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சி.வி.ஐ.டி. என்று அழைக்கப்படும் நோய் பெரும்பாலும் வாலிபத்திலோ நடுத்தர வயதிலோ வெளிப்படுகிறது. ஆண் பெண் இருபாலரையும் தாக்குகிறது. பி செல் இருக்கிறது, ஆன்டிபாடி இல்லை. ஓயாத சைனஸ் தொல்லை, திரும்பத் திரும்ப நிமோனியா, கடைசியில் மூச்சுக் குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சீழ் கட்டும் நிலை. இவர்களுடைய பி செல்களை எடுத்துச் சோதனைச் சாலையில் சி.டி.40 தூண்டுதலோடு இன்டர்லூகின்-21-ஐயும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியாயிற்று. அதுவரை சும்மா இருந்த செல்கள் ஆன்டிபாடி தயாரித்தன. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்காவது இயந்திரம் பழுதில்லை, இயக்கும் சமிக்ஞைதான் போதவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் கண்ணாடிக் குழாயில் பலித்தது இன்னும் மருந்தாகவில்லை. இன்டர்லூகின்-21 பி செல்லோடு மட்டும் பேசுவதல்ல. உடம்புக்குள் செலுத்தினால் பல செல்களை ஒருசேரத் தூண்டிவிடும்.

மிகுந்தாலும் கேடு

சமிக்ஞை குறைந்தால் ஆன்டிபாடி குறையும் என்பது புரிகிறது. கூடினாலும் குறையும் என்பது 2013-ல் வந்த அதிர்ச்சி. செல்லுக்குள் இருக்கும் பி.ஐ.3 கைனேஸ் டெல்டா என்ற புரதம் சிலருக்கு ஓய்வில்லாமல் இயங்கிக்கொண்டே இருப்பது தெரியவந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காத லாரி டிரைவர் மாதிரி. செல்கள் கன்னாபின்னாவென்று பெருகி நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்குகின்றன. ஆனால் பக்குவப்பட்டு முறையான ஆன்டிபாடி தருவதற்கு முன்பே களைத்துப் போகின்றன. இந்தப் புரதத்தை மட்டும் அடக்கும் லெனியோலிசிப் என்ற மாத்திரைக்கு 2023 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது.

இன்னொரு உதாரணம் சி.டி.எல்.ஏ.-4. டி செல்லின் பிரேக் இது. இதில் பழுது இருந்தால் டி செல்கள் சொந்த உடலையே தாக்குகின்றன. கூடவே ஆன்டிபாடியும் குறைகிறது. 2014-ல் இந்தக் கோளாறு கண்டறியப்பட்டபோது மருந்து ஏற்கெனவே கடையில் இருந்தது. மூட்டு வாதத்துக்குத் தரப்படும் அபாடசெப்ட் என்ற மருந்து, அந்த பிரேக் புரதத்தின் செயற்கை வடிவம்தான். காணாமல் போனதை அப்படியே திருப்பித் தருவது போல.

எந்த இடத்தில் கோளாறு என்று பெயர் சொல்லித் தெரிந்துகொள்வது வெறும் ஆராய்ச்சி ஆர்வமல்ல என்பதை இந்த இரண்டு மருந்துகளும் காட்டுகின்றன. ரத்த ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி தெரியும் நான்கு பேரில் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் காமா குளோபுலின், ஒருவருக்கு மஜ்ஜை மாற்று, ஒருவருக்கு அடக்கும் மாத்திரை, ஒருவருக்கு பிரேக் மருந்து என்று வழி பிரிகிறது. பிறவியில் வரும் எதிர்ப்புக் கோளாறுகளின் சர்வதேசப் பட்டியலில் 2022-ல் 485 நோய்கள் இருந்தன. அதன் பின்னரும் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது.

இந்த நோயாளிகள் உலகத்துக்குத் திருப்பித் தந்ததும் உண்டு. பி.டி.கே. இல்லாவிட்டால் பி செல்லே வளராது என்றால், கட்டுக்கடங்காமல் பெருகும் பி செல் புற்றுநோயில் பி.டி.கே.யை நிறுத்தினால் என்ன? அந்த யோசனையில் பிறந்த இப்ரூட்டினிப் என்ற மாத்திரை 2013 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஜீன் கண்டுபிடிக்கப்பட்டு சரியாக 20 ஆண்டு. சில சிறுவர்களுக்குச் சாபமாக வந்த குறை, லட்சக்கணக்கான புற்றுநோயாளிகளுக்கு மருந்து செய்யும் வழியைக் காட்டியது.

கழித்தல் கணக்கு

இந்தியாவில் நிலைமை என்ன? சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் போன்ற இடங்களில் செல்களை எண்ணுவது முதல் ஜீனைப் படிப்பது வரை எல்லாப் பரிசோதனைகளும் நடக்கின்றன. பிரச்சினை அந்த வாசலை எட்டுவதில். சந்தேகம் ஒருவருக்கு வந்தால்தானே அனுப்பி வைப்பார்?

சந்தேகம் வருவதற்கு ஜீன் பரிசோதனை தேவையில்லை. கல்லீரலுக்காக எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மொத்தப் புரதம், ஆல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது குளோபுலின். ஆன்டிபாடிகள் அதில்தான் அடங்கும். இந்த எண் 100 மில்லிக்கு 2 கிராமுக்கும் கீழே கிடந்தால், வயதையும் கணக்கில் கொண்டு, ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். அளவுகளைப் பார்த்துவிடுவது நல்லது. 1952-ல் காலியாக இருந்த காமா பட்டையின் ஏழை வீட்டுப் பதிப்பு இது. பல குழந்தைகளின் பையில் இந்த எண்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. கழித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனைகளை இவர்களுக்கு நம்ப முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். டைபாய்டுக்கான விடால் சோதனையானாலும் சரி, எச்.ஐ.வி. ஆன்டிபாடி சோதனையானாலும் சரி, ஆன்டிபாடியே தயாரிக்காத உடலில் 'இல்லை' என்றுதான் சொல்லும். கிருமியை நேரடியாகத் தேட வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு அடுத்த மலை, செலவு. ஏற்றிய காமா குளோபுலின் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஆகவே 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். 20 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 8 முதல் 12 கிராம். அதே பையன் வளர்ந்து 60 கிலோ ஆகும்போது 24 முதல் 36 கிராம். ஆயிரக்கணக்கானவர்கள் தந்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுக்கும் மருந்து என்பதால் விலை மலிவதில்லை. பையன் வளர வளரப் பெற்றோர் மகிழ வேண்டும். இங்கே எடை கூடும் ஒவ்வொரு கிலோவும் பட்ஜெட்டில் ஒரு துண்டு.

2021-ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோய்களும் இடம் பெற்றன. 2022-ல் உதவித் தொகையின் உச்சவரம்பு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சண்டிகர், டெல்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூர், கொல்கத்தா போன்ற நகரங்களில் உள்ள சிறப்பு மையங்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்கே இது கிடைக்கும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல ஆஸ்பத்திரியும் பிறகு இப்பட்டியலில் சேர்ந்தது. ஒரே தடவையில் முடியும் மஜ்ஜை மாற்றுக்கு இந்தத் தொகை பொருந்தும். ஆயுள் முழுதும் மாதாமாதம் ஏற்றும் மருந்துக்கு உச்சவரம்பு என்ற யோசனையே பொருந்தாது. தவணை ஒன்றிரண்டு தப்பினாலே நுரையீரல் அதற்கு விலை கொடுக்கிறது. அப்படிக் கெட்ட நுரையீரலை எந்த மருந்தும் பழையபடி ஆக்குவதில்லை.

ஊருக்கும் இதில் பங்கு

இது சில குடும்பங்களின் சொந்தக் கஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இளம்பிள்ளை வாதத்துக்கான சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக் குறைக்கப்பட்ட வைரஸ். சாதாரணக் குழந்தையின் குடலிலிருந்து சில வாரங்களில் அது வெளியேறிவிடும். ஆன்டிபாடி இல்லாத சிலரின் குடலிலோ தங்கிப் பெருகி, காலப்போக்கில் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் 28 ஆண்டுகள் இப்படி வைரஸை வெளியேற்றி வந்தது 2015-ல் பதிவாயிற்று. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படித் தங்கும் வைரஸால் வாதமே வந்தவர்களும் உண்டு.

2014-ல் போலியோ ஒழிந்த பகுதி என்ற சான்றிதழைப் பெற்ற நாடு இது. வாய்வழிச் சொட்டு மருந்து தடுப்பூசி அட்டவணையில் இன்றும் இருக்கிறது. ஆகவே ஆன்டிபாடி இல்லாத குழந்தைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கும் உடன் பிறந்தவர்களுக்கும் உயிரற்ற வைரஸ் ஊசியை மட்டும் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் நலன், நாட்டின் நலனும்கூட.

கொரோனாவும் ஒரு பாடம் சொன்னது. பி செல்லே இல்லாத இரு நோயாளிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமலே மீண்டதாக 2020-ல் இத்தாலியிலிருந்து செய்தி வந்தபோது பலர் வியந்தார்கள். டி செல்கள் தனியாகவும் போராட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே நோயுள்ள வேறு சிலரின் உடலில் வைரஸ் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கியது. கிருமியைத் துடைத்து அனுப்ப ஆன்டிபாடி வேண்டும். இரு பிரிவும் பேசிக்கொண்டால்தான் வேலை முழுமையாகிறது.

பெயர் செய்யும் கெடுதல்

தமிழில் இந்த நோயைச் சொல்வதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. 'நோய் எதிர்ப்புக் குறைபாடு' என்றதும் அக்கம்பக்கத்தில் எய்ட்ஸ் என்று கிசுகிசுக்கிறார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கத் தயங்குகிறது. இது தொற்றுவதல்ல, பிறவி ஜீனில் உள்ள எழுத்துப் பிழை. இன்னொரு பக்கம் 'எதிர்ப்பு சக்தி' என்பது டின்னிலும் பாட்டிலிலும் அடைத்து விற்கும் சரக்காகிவிட்டது. சத்து மாவு, கஷாயம், லேகியம் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு ஆண்டுகளை இழக்கும் பெற்றோர் உண்டு. அறுந்துபோன ஒரு சமிக்ஞையை எந்த லேகியமும் ஒட்ட வைக்காது. பழியும் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது: பால் போதவில்லை, பத்தியம் இருக்கவில்லை. நோய் எக்ஸ் குரோமசோம் வழியாக வருவது என்று தெரிந்தால் அதையும் அவள் மீதே போடுவார்கள். அதே ஜீன் பழுது பல குடும்பங்களில் யாரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

காலத்தே காமா குளோபுலின் ஆரம்பித்து, தவறாமல் ஏற்றிக்கொண்டவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அறுந்த இடம் தெரிந்தால் அடுத்த குழந்தைக்கு முன்கூட்டியே பரிசோதனையும் செய்யலாம். சிகிச்சை இருக்கிறது. பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. மூன்றாவது முறை நிமோனியா என்று வரும் குழந்தைக்கு மறுபடியும் ஒரு மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் 'இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?' என்று ஒரு டாக்டர் கேட்டாக வேண்டும். எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் எச்சரிக்கை அடையாளங்களில் சில:

• ஓர் ஆண்டில் 4 அல்லது அதற்கு மேல் காதில் தொற்று.

• ஓர் ஆண்டில் 2 அல்லது அதற்கு மேல் நிமோனியா, அல்லது கடுமையான சைனஸ் தொற்று.

• ஆன்டிபயாட்டிக் மருந்துகளை 2 மாதம் அல்லது அதற்கு மேல் தந்தும் போதிய பலன் இல்லாமை.

• ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினால்தான் தொற்று தீரும் நிலை.

• குழந்தையின் எடையும் வளர்ச்சியும் தேங்கிப் போதல்.

• தோலின் ஆழத்தில் அல்லது உள்ளுறுப்புகளில் திரும்பத் திரும்பச் சீழ்க் கட்டி.

• ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் மாறாத வெண்பூஞ்சை.

• குடும்பத்தில் இத்தகைய நோய், அல்லது தாய்வழியில் ஆண் குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருத்தல்.

இவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "ஆன்டிபாடி அளவு பார்க்கலாமா?"